போடியிலிருந்து துபாய்க்கு ஒரு பெட்டி ஏலக்காய்: நாடுகளின் டிஜிட்டல் ஒப்பந்தத்தில் நமக்கு என்ன இருக்கிறது?

கம்பத்தில் மசாலாக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், ஏலக்காயையும் மிளகையும் கால் கிலோ, அரைக் கிலோ பெட்டிகளாகக் கட்டித் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் இணையம் வழியாக விற்கத் தொடங்கியிருக்கிறார். அவர் கேட்ட கேள்வி இது: "டிஜிட்டல் வணிகத்துக்கென்று இந்தியா மற்ற நாடுகளோடு ஒப்பந்தம் போடுவதாகப் படிக்கிறேன். சிலவற்றில் சேரவில்லை என்றும் படிக்கிறேன். என்னைப் போன்ற சிறு வியாபாரிக்கு இதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை இது பெரிய கம்பெனிகளின் விவகாரமா?"

இருக்கிறது தம்பி. போடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏற்றுமதிக்கு ஆவணம் தயாரித்துக் கொடுத்து வருகிறேன். சரக்கு கெட்டு நஷ்டப்பட்டவர்களைவிடத் தாள் போய்ச் சேராமல் நஷ்டப்பட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த ஒப்பந்தங்களில் நமக்கு வேண்டிய பகுதி அந்தத் தாளைப் பற்றியது. செய்தியில் பெரிதாக அடிபடும் தரவுச் சண்டைக்கும் வரிச் சண்டைக்கும் பிறகு வருகிறேன்.

நம் மலைப்பாதையிலிருந்தே தொடங்கலாம். 2017 ஜூலைக்கு முன் கம்பமெட்டிலும் குமுளியிலும் இருந்த வரிச் சோதனைச் சாவடிகள் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டுக்கு ஒரு படிவம், கேரளத்துக்கு வேறொரு படிவம். லாரியை ஓரங்கட்டிவிட்டு, டிரைவர் பில் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி இறங்குவார். ஒரு ஜன்னலில் பதிவு, அடுத்த ஜன்னலில் முத்திரை. மூட்டை எண்ணிக்கையை ஓரிடத்தில் அடித்து எழுதியிருந்தால் அன்றிரவு அங்கேயே தூங்க வேண்டியதுதான். பின்னால் நிற்கும் காய்கறி லாரிக்கும் அதே காத்திருப்பு. வாளையாறு பக்கம் போய் வந்தவர்கள் சொன்ன வரிசை இதைவிட நீளம். ஜிஎஸ்டி வந்ததும் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் தாண்டிப் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு, இணையத்திலேயே எடுக்கும் இ-வே பில் வந்தது. போடியில் எடுத்த எண்ணை இடுக்கியில் உள்ள அதிகாரி தன் கைப்பேசியிலேயே சரிபார்த்துவிடுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி ஜிஎஸ்டி சட்டம் இன்றும் இருக்கிறது. கேரளம் தன் அதிகாரத்தைத் தமிழ்நாட்டிடம் கொடுத்துவிடவில்லை. இந்தப் பக்கம் எழுதியதை அந்தப் பக்கம் அப்படியே நம்புவதற்கு ஒரு வழி பிறந்தது, அவ்வளவுதான். அதற்கே, 2010-ல் வரும் என்று 2006 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தது 2017-ல்தான் வந்தது. ஒரே அரசியல் சாசனம், ஒரே ரூபாய், மாநிலங்கள் உட்கார்ந்து பேச 279ஏ பிரிவின்படி ஒரு கவுன்சில், இவ்வளவும் இருந்த இடத்திலேயே அத்தனை ஆண்டுகள் பிடித்தன. இரண்டு நாடுகளுக்கு நடுவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

நம் ஏலத்தையும் பாருங்கள். போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் மாதிரிக் காய் முன்னால் வரும். வியாபாரி இரண்டு காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார், நகத்தால் பிளந்து உள்ளே அரிசி கறுத்து நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார், முகர்ந்து பார்த்துவிட்டுத் திரையில் ஏறும் விலையோடு போட்டியிடுவார். முன்பெல்லாம் ஒருநாள் மலை ஏறுவதும் மறுநாள் இறங்குவதுமாக அலைந்தார்கள். 2021 தொடக்கத்தில் இரண்டு மையங்களையும் இணையத்தில் இணைத்து, எந்த ஊரில் உட்கார்ந்தாலும் ஏலம் கேட்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. கணினி இருந்ததால் மட்டும் அது நடந்துவிடவில்லை. எட்டு மில்லிமீட்டர் காய் என்றால் போடியிலும் எட்டு, புற்றடியிலும் எட்டு. தரத்துக்கான அளவுகோல் முன்பே ஒன்றாக இருந்ததால்தான் திரைகளை இணைக்க முடிந்தது.

இனித் துபாய். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், பிறப்பிடச் சான்று, தாவர நலச் சான்று என்று ஒரு பெட்டகத்தோடு (கன்டெய்னர்) போகும் தாள்களை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில்லை நாம் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் கணினியிலேயே போட்டுவிடுகிறோம். சிக்கல், சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் பில் ஆஃப் லேடிங்கில். அதன் அசலைக் கையில் வைத்திருப்பவரே சரக்குக்கு உரியவர். வழக்கமாக மூன்று அசல்கள் போடுவார்கள். நகலைக் காட்டிச் சரக்கை எடுக்க முடியாது.

2013-ல் நான் ஆவணம் தயாரித்த ஒரு சரக்கு கொச்சியிலிருந்து கிளம்பி ஒரு வாரத்தில் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் இறங்கிவிட்டது. மூன்று அசல்களும் இங்குள்ள வங்கியிலிருந்து அங்குள்ள வங்கிக்குக் கூரியரில் சுற்றி, பதினெட்டாம் நாள்தான் வாங்குபவர் கைக்குப் போயின. போன பிறகு பார்த்தால், பிறப்பிடச் சான்றில் அவருடைய நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. திருத்தி அனுப்ப இன்னும் ஒன்பது நாள். பெட்டகம் கிடந்த நாளுக்கெல்லாம் துறைமுகம் போட்ட வாடகை லாபத்தைத் தின்று முதலிலும் கை வைத்துவிட்டது. அனுப்பியவர் வண்டன்மேட்டுப் பக்கம் சொந்தத் தோட்டம் வைத்திருந்த சிறு வியாபாரி. அடுத்த ஆண்டு அவர் ஏற்றுமதிப் பக்கமே வரவில்லை. விடுபட்ட அந்த எழுத்தை நான்தான் சரிபார்த்திருக்க வேண்டும். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

தாளை ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம், அதை அசல் என்று ஏற்கச் சட்டம் வேண்டும். மின்னணுக் கையெழுத்துக்கு இந்தியா 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே மதிப்புக் கொடுத்துவிட்டது. மின்னணு வழியில் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லும் என்பது அதே சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆனால் 'கையில் வைத்திருத்தல்' என்பதைக் கணினிக் கோப்புக்கு எப்படிப் பொருத்துவது? கோப்பை ஆயிரம் பேர் நகலெடுக்கலாமே. இதற்கு ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 2017-ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது. ஒரு நேரத்தில் ஒருவருடைய கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்கக்கூடிய மின்னணு ஆவணம், தாள் அசலுக்குச் சமம் என்பது அதன் சாரம். அதை ஒட்டிச் சிங்கப்பூர் 2021-ல் தன் சட்டத்தைத் திருத்தியது. பிரிட்டன் 2023-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நாம் 1856-ஆம் ஆண்டின் பில் ஆஃப் லேடிங் சட்டத்தை 2025-ல்தான் மாற்றி எழுதினோம்.

ஒரு நாடு மட்டும் சட்டத்தைத் திருத்தினால் போதாது என்பதுதான் இதில் முக்கியம். அனுப்பும் நாடு, இறக்கும் நாடு, நடுவில் உள்ள இரண்டு வங்கிகள், கப்பல் கம்பெனி ஆகிய ஐந்து பேரில் ஒருவர் தாள் கேட்டால் மற்ற நால்வரும் தாள் அனுப்பியாக வேண்டும். நாடுகள் உட்கார்ந்து பேச வேண்டியிருப்பது அதனால்தான்.

அப்படிப் பேசி முடித்தவர்களில் முன்னால் நிற்பவை சிலி, நியூசிலாந்து, சிங்கப்பூர். 2020 ஜூனில் இந்த மூன்று சிறிய நாடுகளும் டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்றே தனி ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்னர் தென்கொரியாவும் அதில் சேர்ந்தது. மின்னணு இன்வாய்ஸ், டிஜிட்டல் அடையாளம், தாளில்லா வணிகம் என்று அது பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எல்லாரும் ஒரே சட்டம் எழுத வேண்டும் என்று அது கேட்கவில்லை. உன் முறை உனக்கு, என் முறை எனக்கு, இரண்டும் ஒன்றோடொன்று பேசும்படி அமைப்போம் என்கிறது. கம்பமெட்டில் நாம் கண்டதும் இதுதான்.

இந்தியா இதில் முதல் பெரிய அடி எடுத்து வைத்தது ஐக்கிய அரபு அமீரகத்தோடு. 2022 பிப்ரவரி 18-ல் கையெழுத்தாகி மே 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் ஒன்பதாவது அத்தியாயம் டிஜிட்டல் வணிகம். தாளில்லா வணிகம், மின்னணுக் கையெழுத்து, இணையத்தில் வாங்குபவரின் பாதுகாப்பு, தனிநபர் தகவல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. பிரிவுகளைப் படித்தால் 'முயல வேண்டும்', 'ஒத்துழைக்க வேண்டும்' என்ற வினைகள்தாம் அதிகம். ஒரு நாடு முயலவில்லை என்று மற்ற நாடு வழக்குத் தொடுக்க முடியாதபடி, பூசல் தீர்க்கும் ஏற்பாட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை விலக்கி வைத்திருக்கிறார்கள். பல்லில்லாத ஒப்பந்தம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி ஒதுக்க மாட்டேன். அந்த உறவின் மேல்தான் 2023 ஜூலையில் ரூபாயிலும் திர்ஹாமிலும் நேரடியாகக் கணக்குத் தீர்க்க இரு மத்திய வங்கிகளும் ஒப்புக்கொண்டன. 2024 செப்டம்பரில் இரு நாட்டு வணிக ஆவணங்களை இணைக்கும் 'மைத்ரி' என்ற ஏற்பாட்டின் தொடக்க நிலையும் அறிமுகமானது. கதவு திறந்துவிட்டது. உள்ளே போய்க் கேட்க வேண்டியவர்கள் நாம்.

பணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2023 பிப்ரவரி 21-ல் நம் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநௌவும் இணைக்கப்பட்டன. இங்கிருந்து ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை, கைப்பேசி எண் ஒன்றை வைத்தே அனுப்பலாம் என்று தொடங்கினார்கள். நாடுகள் மனது வைத்தால் என்ன முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அது ஆளுக்கு ஆள் அனுப்பும் பணத்துக்காக, குடும்பச் செலவு, அன்பளிப்பு என்ற காரணங்களுக்காகத் தொடங்கியது. சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஏலக்காய்க்கான பணத்தை அதில் போட்டுவிடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்றுமதிப் பணம் அதற்குரிய காரணக் குறியீட்டோடு வங்கிக்கு வந்து, அதற்கான மின்னணு வங்கிச் சான்று உங்கள் பெயரில் ஏற வேண்டும். அது இல்லாவிட்டால் ஜிஎஸ்டி திரும்பப் பெறுவதில் தொடங்கி எல்லாம் சிக்கும். வெளிநாட்டு வணிகப் பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் தனி விதிகள் வகுத்தது. ரிசர்வ் வங்கியின் இப்போதைய விதிகளுக்கு உட்பட்ட நிறுவனம் வழியாக வாங்குங்கள்.

அடையாளம் என்ற விஷயம் நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் தொல்லை. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துதான். வங்கிக் கணக்கில் முதலெழுத்து முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து பின்னால் இருக்கும், பான் அட்டையில் வேறொரு வரிசை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பிறந்தவருக்கு வீட்டுப் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டுக் கணினிக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு ஆட்கள். போன ஆண்டு என்னிடம் வந்த ஓர் அம்மாவின் பணம் இதே காரணத்தால் ஐந்து வாரம் நடுவழியில் நின்றது. டிஜிட்டல் அடையாளங்களை ஒன்றையொன்று ஏற்கச் செய்வது என்று ஒப்பந்தங்களில் எழுதுகிறார்களே, அது எங்கோ உள்ள பெரிய கம்பெனிக்கானது என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியப் பிரதிநிதிகள் அந்த மேசையில் உட்காரும்போது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாலும் செல்லும்படி செய்யுங்கள் என்று கேட்க வேண்டும். அதைத் தமிழர்கள் எழுதிக் கொடுத்தால்தான் அவர்களுக்குத் தெரியும்.

இனிச் செய்தியில் வரும் சண்டைகள். முதலாவது தரவு. ஒரு நாட்டு மக்களின் தகவல் அடுத்த நாட்டுக் கணினிக்குத் தடையின்றிப் போகலாமா என்பது கேள்வி. 2019-ல் ஒசாகா ஜி20 மாநாட்டில் அதற்கு வழிசெய்ய ஜப்பான் முன்வைத்த பிரகடனத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, பணப் பரிவர்த்தனைத் தகவல் இந்தியாவுக்குள்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டம் சற்று இளகியது: அரசு தடை செய்யும் நாடுகளைத் தவிர மற்றவற்றுக்குத் தகவல் போகலாம் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. இந்த எச்சரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். நூற்று நாற்பது கோடிப் பேரின் தகவலைக் கையாளும் விதிகளை 2025-ல்தான் எழுதி முடித்த நாடு, அவசரப்பட்டுக் கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது. தடையற்ற போக்கு வேண்டும் என்று முன்னணியில் நின்று வாதாடிய அமெரிக்காவே 2023 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் அந்தக் கோரிக்கையிலிருந்து பின்வாங்கியது. ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் 2019-ல் ஒருவர் பாதுகாப்புச் சட்டத்தை மற்றவர் போதுமானது என்று ஏற்றுக்கொண்டார்களே, அந்த வழி எனக்குப் பிடித்தது.

இரண்டாவது சுங்கவரி. மின்னணுவில் வரும் பொருளுக்குச் சுங்கவரி போடுவதில்லை என்று 1998-ல் உலக வர்த்தக அமைப்பு நாடுகள் ஜெனீவாவில் ஒப்புக்கொண்டன. மாநாட்டுக்கு மாநாடு அதை நீட்டித்து வந்தார்கள். 2024-ல் அபுதாபியில் நீட்டித்தபோது, அடுத்த மாநாடு அல்லது 2026 மார்ச் 31, இவற்றில் எது முந்தியோ அதுவரை என்று கெடு வைத்தார்கள். இந்தியா நெடுங்காலமாக இதை எதிர்க்கிறது. காரணம் எளிது: முன்பு கேசட்டாக, சிடியாக, அச்சுப் புத்தகமாகத் துறைமுகத்தில் இறங்கி வரி கட்டியவை இன்று கம்பி வழியாக வருகின்றன, வருமானம் போய்விட்டது. மூன்றாவது, வெளிநாட்டு டிஜிட்டல் நிறுவனங்களின் வருவாய்மீதான வரி. இந்தியா 2016-ல் விளம்பர வருவாய்க்கு 6 சதவீதமும் 2020-ல் மின்வணிக வருவாய்க்கு 2 சதவீதமுமாகச் சமன்செய் வரி விதித்தது. இரண்டாவது வரி பாரபட்சம் என்று 2021 ஜனவரியில் அமெரிக்கா முடிவு சொன்னது. கடைசியில் 2024 ஆகஸ்டில் ஒன்றையும் 2025 ஏப்ரலில் மற்றொன்றையும் நாமே எடுத்துவிட்டோம். இவை அரசுகளின் கணக்கு. உங்கள் கடையின் கணக்கில் ஓரமாகத்தான் வரும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் அரசோடு எனக்கு உடன்பாடு இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். 2019 ஜனவரியில் 76 நாடுகள் டாவோசில் கூடி, மின்வணிகத்துக்குப் பொது விதிகள் எழுதப்போவதாக அறிவித்தன. ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் சிங்கப்பூரும் முன்னின்று நடத்திய அந்தப் பேச்சு 2024 ஜூலையில் ஒரு வரைவில் வந்து நின்றது. இந்தியா தொடக்கத்திலிருந்தே வெளியே இருக்கிறது. எல்லா நாடுகளும் ஒப்பாமல் சிலர் மட்டும் கூடி விதி எழுதக் கூடாது என்பது வாதம். அந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் இந்தியா அஞ்சிய தரவுப் போக்கும் மென்பொருளின் மூலநிரலும் அந்த வரைவிலிருந்து விடுபட்டுவிட்டன. மிஞ்சியதில் பெரும்பகுதி மின்னணுக் கையெழுத்து, மின்னணு இன்வாய்ஸ், தாளில்லா வணிகம், வாடிக்கையாளர் பாதுகாப்பு. வண்டன்மேட்டுக்காரரை ஏற்றுமதியைவிட்டே விரட்டிய தொல்லைக்கான மருந்து அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அந்த வரைவில் உள்ள சுங்கவரிப் பிரிவு பிடிக்கவில்லை என்றால் அதை எதிர்த்து உள்ளேயே வாதாடலாம். தாளைப் பற்றிய விதிகளை மற்றவர்கள் எழுதி முடித்த பிறகு போய்ச் சேர்ந்தால், அவர்களுடைய படிவத்தில் நம் முதலெழுத்துக்கு இடம் இருக்காது.

பெரிய நிறுவனத்துக்கு இந்தத் தாமதம் தாங்கும். கொச்சியில் ஆள் வைத்திருப்பார்கள், துபாயில் ஆள் வைத்திருப்பார்கள். ஒரே ஒரு தாளுக்காக ஒருவரைப் பெங்களூருவுக்கு விமானத்தில் அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். உங்களால் முடியுமா? ஆகவே, இது பெரிய கம்பெனிகளின் விவகாரமா என்று கேட்டீர்களே, தாள் குறைந்தால் அவர்களைவிட உங்களுக்குத்தான் லாபம் அதிகம்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் அளவுக்குப் பெட்டகமும் பில் ஆஃப் லேடிங்கும் தேவையில்லை. 2022 டிசம்பர் விதிகளின்படி அஞ்சல் வழி ஏற்றுமதிக்கான அறிவிப்பைக் கணினியிலேயே போடலாம். 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையம் உங்களுக்கு அருகில் எந்த அஞ்சலகத்தில் இருக்கிறது என்று தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். ஏற்றுமதி எண் வாங்குங்கள். அது இப்போது உங்கள் பான் எண்ணேதான். ஸ்பைசஸ் போர்டில் ஏற்றுமதியாளர் பதிவும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் கட்டாயம். சிங்கப்பூர் 2023 ஜனவரி முதல் சிறு மதிப்புப் பெட்டிகளுக்கும் ஜிஎஸ்டி வசூலிக்கிறது. பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்றால் அந்த வரியைத் தளமே பிடித்துக் கட்டிவிடும், நேரடியாக விற்றால் நிலைமை வேறு. எந்த வழியில் விற்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பான், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட், ஜிஎஸ்டி பதிவு, உணவு உரிமம் ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்து, உங்கள் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புள்ளி, இடைவெளி, முதலெழுத்து இருக்கும் இடம் எதையும் விடாதீர்கள். வேறுபாடு இருந்தால் முதல் பெட்டி கிளம்பும் முன்பே திருத்திவிடுங்கள். தனியாகப் பார்க்கத் தயக்கமாக இருந்தால், ஏலம் இல்லாத நாளில் ஐந்தையும் எடுத்துக்கொண்டு போடிக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.